மூன்று கிழமை காக்க வைத்த ஃபைபர் பட்டறை

ஆரையம்பதியில் ஒரு ஃபைபர் பட்டறையில் இந்த வருடம் பங்குனி மாதம் நான்கு மீன் தொட்டிகளை உள்பக்கம் பூசக் கொடுத்து வாங்கினேன். மூன்று கிழமைக்கு மேல் காக்க வைத்தார்கள். காசும் மற்ற இடங்களை விடக் கூட. அப்படியிருந்தும் இனி வேறு எங்கும் கொடுக்க மாட்டேன். ஏன் என்று சொல்வதென்றால் 2022ல் என் வளவில் நடந்ததில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறேன். 28 வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் கப்பி மீன் வளர்க்கத் தொடங்கினேன். இப்போது 14 தொட்டி. எல்லாம் பழைய ஃபைபர் தொட்டிகள், ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கிவிட்டன. 2022ல் முதல் தொட்டி கசிந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். போட் வேலையில் கெட்டிக்காரர்கள், மீன் தொட்டி அவர்களுக்குப் பழக்கமில்லை. இரண்டாம் நாள் பின்னேரமே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். உள்பக்கம் நீல நிறத்தில் பளபளத்தது. விரலை வைத்தால் மிக இலேசாக ஒட்டியது. "வெயில்ல காஞ்சா சரியாகிரும் அக்கா" என்றார்கள். ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்தேன். மணம் குறைந்தது போல இருந்தது. கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, பூனை வருகிறதென்று கண்ணாடித் தட்டால் மூடி, 60 கப்பிகளை விட்டேன்.

இரவு எட்டு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தபோது சில மீன்கள் தலைகீழாக நின்றன. சில திருகாணி போலச் சுழன்று மேலே வந்து, பக்கவாட்டில் சரிந்து, திரும்பக் கீழே போயின. ஒட்சிசன் குறைவு என்று நினைத்துக் கண்ணாடியைத் தூக்கினேன். அப்போதுதான் அந்த மணம் முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக்கை உருக்கியது போல, கொஞ்சம் இனிப்பாக, தலையைப் பிடிக்கிற மணம். காலையில் போய்விட்டது என்று நான் நினைத்த அதே மணம். கையில் அகப்பட்ட 11 மீனை வாளியில் வேறு தண்ணீருக்கு மாற்றினேன். விடியப் பார்த்தால் தொட்டிக்குள் இருந்த 49 மீனும் செத்துக் கிடந்தன. வாளியில் 9 மீன் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன.

அந்த ஒன்பது மீனும் பிழைத்ததை வைத்துத்தான் காரணத்தைப் பிடித்தேன். செவுளை அரித்துச் சிதைக்கிற நஞ்சாக இருந்தால் தண்ணீர் மாற்றியதும் இப்படித் தெளிந்திருக்காது. இது மயக்க மருந்து வேலை செய்கிற விதம். ஆவியாகிற கரைப்பான்கள் பலவும் தண்ணீரை விடக் கொழுப்பில் நன்றாகக் கரைகிறவை. மீன் செவுளால் மூச்சு இழுக்கும்போது அவை இரத்தத்துக்குள் போய், நரம்புக் கலங்களின் கொழுப்பு மென்சவ்வில் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. மீன் முதலில் துள்ளும், பிறகு சமநிலை இழக்கும், பிறகு மூச்சு நிற்கும். நேரத்தோடு நல்ல தண்ணீருக்குப் போனால் ஏறியது இறங்கிவிடும்.

என் தொட்டியில் இருந்தது ஸ்டைரீன். ஃபைபர் வேலைக்கு ஊற்றுகிற பொலியெஸ்டர் ரெசினில் பெரும்பாலும் 35 முதல் 45 சதவீதம் வரை அதுதான். ரெசினை இளக்குவதும் அது, ஹார்ட்னர் விட்டதும் சங்கிலி சங்கிலியாகப் பிணைந்து இறுகுவதும் அது. முழுக்கப் பிணைந்தால் அது ஸ்டைரீனாகவே இருக்காது, கல்லுப் போலாகிவிடும். பிணையாமல் மிஞ்சியதுதான் வினை. மேல்தோலில் உள்ளது காற்றில் பறக்க, மணம் போய்விட்டது என்று நாம் ஏமாறுவோம். உள்ளே மிஞ்சியது நாள் கணக்கில் மெதுவாக வெளியே வரும். தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் அது போகிற இடம் தண்ணீர் மட்டும்தான். நான் கண்ணாடி போட்டு மூடியது பூனையைத் தடுத்தது, ஸ்டைரீனையும் உள்ளே பிடித்து வைத்தது. அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. ஆவியைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை படிப்பித்திருப்பேன்!

இந்த 'மூடி' விடயம் பெரிய ஆய்வுகூடங்களிலேயே ஆட்களை ஏமாற்றியிருக்கிறது. 1966ல் அமெரிக்காவில் ஸ்டைரீனைப் பல மீன்களில் சோதித்து வெளியிட்ட முடிவில், 96 மணி நேரத்தில் பாதி மீன் சாவதற்கு ஃபேட்ஹெட் மின்னோ என்ற மீனுக்கு லீற்றருக்கு 46 முதல் 59 மில்லிகிராம் தேவை என்று இருந்தது. நம்முடைய கப்பிக்கு ஏறத்தாழ 75. பார்த்தால் கப்பி தாங்கும் போல இருக்கும். ஆனால் அந்தக் காலத்துச் சோதனையில் மருந்தை ஒரு தடவை கலந்து விட்டுவிடுவார்கள். கலந்தது மணிக்கு மணி காற்றோடு போய்க்கொண்டே இருக்கும், மீனுக்குக் கிடைத்தது கணக்கில் எழுதியதை விட எவ்வளவோ குறைவு. புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தபோது, 1997ல் வந்த முடிவில் அதே ஃபேட்ஹெட் மின்னோவுக்கு 10 மில்லிகிராமே போதும் என்று தெரிந்தது. நீர்த்தெள்ளு என்கிற டஃப்னியாவுக்கு 48 மணி நேரத்தில் 4.7. ஸ்டைரீன் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் வரை கரையக்கூடியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பறந்துபோகிற சாமான் பறக்க இடமிருந்தால்தான் பறக்கும்.

கப்பிக்கு இந்த விடயத்தில் ஒரு சரித்திரமே உண்டு. 1981ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் கோனமன் என்ற ஆய்வாளர் 50 தொழிற்சாலை இரசாயனங்களைக் கப்பியில் சோதித்து, ஒரு பொருள் கொழுப்பை எவ்வளவு நாடுகிறது என்பதை வைத்தே அது மீனை எந்த அளவில் கொல்லும் என்று முன்கூட்டிக் கணக்கிடலாம் என்று காட்டினார். நம் வளவுத் தொட்டியில் நீந்துகிற சின்ன மீனின் இனம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

இனிப் பட்டறைக்கு வருகிறேன். கல்முனை வீதியில் காத்தான்குடி தாண்டி ஆரையம்பதிக்குள் நுழைந்ததும், வலது கைப் பக்கம் வாவிக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றின் கடைசியில் இருக்கிறது. பெயர்ப் பலகை இல்லை. பூவரச மரத்துக்குக் கீழே தகரக் கொட்டில், வாசலில் கவிழ்த்துப் போட்ட இரண்டு தோணி. அதுதான் அடையாளம். நடத்துகிறவர் அறுபது வயதை நெருங்கிய ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). கூட இரண்டு பொடியன்கள்.

லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) நான்கு தொட்டியையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். காக்கா சுற்றிப் பார்த்தார், உள்ளே விரலால் சுரண்டினார், பிறகு கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், இதுக்குள்ள மீனா, தண்ணியா, நெல்லா?" மீன் என்றேன். "அப்ப இருவத்தொரு நாள் ஆகும். அவசரம் எண்டா வேற ஆளப் பாருங்க, நான் கோவிக்க மாட்டன்." 2022ல் இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் அந்த 49 மீனும் இருந்திருக்கும்.

வேலை நடக்கும்போது மூன்று தடவை போய் நின்று பார்த்தேன். மறைக்க ஒன்றுமில்லை என்று கதிரை போட்டு இருத்தினார். ஹார்ட்னரைக் கண் மதிப்பில் ஊற்றவில்லை. ரெசினைத் தராசில் நிறுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஹார்ட்னரை அளந்து விட்டார். நூற்றுக்கு ஒன்றரை. வெயில் கூடிய நாளில் கொஞ்சம் குறைப்பாராம். குறைந்தால் இறுகாது, கூடினால் சூடேறி வெடிக்கும் என்றார். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்த்தார். இது எனக்குப் புதிது. காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டுக்கொண்டே இருந்தால் ரெசினின் மேல்பரப்பு சரியாக இறுகாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். மெழுகு மிதந்து மேலே வந்து மெல்லிய படையாக மூடினால்தான் அடியில் உள்ளது பிணையும். 2022ல் என் விரலில் ஒட்டியது அந்த மெழுகில்லாத பூச்சு. வெயில் அதைச் சரியாக்கியிருக்காது.

பத்து நாள் கழித்து அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் உள்சுவரைத் தேய்த்துக் காட்டினார். துணியில் நிறம் ஏறவில்லை, சுவர் பிசுபிசுக்கவில்லை. மூன்றாம் தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் இலேசாக நீலம் ஏறியது. அந்த மூலையைச் சுரண்டித் திரும்பப் பூசினார். நான் கேட்கவே இல்லை, அவராகவே செய்தார். அதனால்தான் 21 நாள் 25 ஆனது.

அசிட்டோனைப் பற்றி ஒரு சொல். அதுவும் மணக்கிற, பறக்கிற சாமான்தான், ஆனால் மீனுக்கு அது ஸ்டைரீனைப் போல அல்ல. லீற்றருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் போனால்தான் மீன் சாகும், ஏனென்றால் அது கொழுப்பை விடத் தண்ணீரை நாடுகிறது. மணத்தின் காரத்தை வைத்து நஞ்சின் காரத்தைச் சொல்ல முடியாது. ஆனால் பட்டறையில் அசிட்டோன் தனியாக இருப்பதில்லை. ரெசின் பிரஷைக் கழுவியதும் அதற்குள் ஸ்டைரீன் ஏறிவிடுகிறது. அந்தக் கழுவலை எங்கே ஊற்றுகிறார்கள் என்பதுதான் ஒரு ஃபைபர் பட்டறையில் நான் முதலில் பார்க்கிற விடயம்.

இங்கே மூடியுள்ள இரண்டு தகர டின். ஒன்றில் அழுக்குக் கழுவல், மற்றதில் சுத்தக் கழுவல். அழுக்கு டின்னில் கசடு அடியில் படிய, தெளிந்ததை மேலால் எடுத்துத் திரும்பப் பாவிக்கிறார்கள். அடிக் கசட்டுக்கும் மிஞ்சிய ரெசினுக்கும் ஹார்ட்னர் விட்டு இறுக வைத்து, கட்டியாக்கித்தான் குப்பைக்குப் போடுகிறார்கள். வாவி இருபது அடி தூரத்தில் இருக்கிறது. ஒரு டின்னைச் சரித்தால் வேலை முடிந்தது. மற்ற இடங்களில் சரிக்கிறதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தண்ணீரில் வானவில் நிறம் விரியும், பத்து நிமிடத்தில் காணாமல் போகும். "அது பறந்திரும்" என்பார்கள்.

ஓடுகிற ஆற்றில் என்றால் அது மணிக்கணக்கில் பறந்துவிடும், உண்மைதான். எங்கள் மட்டக்களப்பு வாவி ஓடுகிற ஆறு இல்லை. 56 கிலோமீற்றர் நீளம் இருந்தும், பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மட்டும்தான் கடலோடு வாய் வைக்கிறது. மழை விட்டுக் கோடை வந்தால் மணல் மேடு கட்டி அந்த வாயும் அடைபடும். நிற்கிற தண்ணீரில் பறந்துபோக நாட்கள் எடுக்கும். அந்த நாட்களுக்குள் கரையோரக் கண்ணா மர (சதுப்பு மரம்) வேருக்குள் இருக்கிற இறால் குஞ்சு என்ன செய்யும்? பெரிய மீன் மணம் பட்டதும் விலகிப் போகும். குஞ்சுக்குப் போக்கிடம் இல்லை. மண்ணில் ஊற்றினால் இன்னும் மோசம். கல்லடியில் இருந்து ஆரையம்பதி வரைக்கும் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நாங்கள் இருப்பது மணல் திட்டு. மணலில் ஊற்றியது கிணற்றுக்குப் போகும், நிலத்துக்கு அடியில் அதைக் கொண்டுபோகக் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. குடிநீரில் ஸ்டைரீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 0.02 மில்லிகிராம். ஒரு பிரஷ் கழுவல் எத்தனை கிணற்றைக் கெடுக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால் கடலில் நியூ டயமண்ட் கப்பல் எரிந்தபோது அம்பாறைக் கரை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. 270,000 தொன் கச்சா எண்ணெய் அதில் இருந்தது. திருக்கோவிலில் இருக்கிற என் தம்பி அன்றிரவு முழுக்கக் கரையில் நின்றான். நல்ல காலம், எண்ணெய்த் தாங்கிகள் தப்பின, கப்பலின் சொந்த எரிபொருள்தான் கசிந்தது. அந்தப் பயம் நியாயமான பயம். அதே பயத்தில் நூறில் ஒரு பங்கு, வாவிக் கரையில் சரிகிற, பெயின்ற் இளக்குகிற ஒரு லீற்றர் தின்னருக்கும் இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். தின்னரில் உள்ள டொலுயீனும் சைலீனும் ஸ்டைரீனின் ஒன்றுவிட்ட சகோதரங்கள், மீனை மயக்குவதும் அதே வழிதான்.

குறைகளும் உண்டு. பொடியன்கள் இருவரும் முகத்தில் துணி மட்டும் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். துணி தூசைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டியுள்ள மாஸ்க் வேண்டும். மீனுக்கு இவ்வளவு பார்க்கிறவர் பிள்ளைகளுக்குப் பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று காக்காவிடம் நேரடியாகவே சொன்னேன். "வாங்கணும் டீச்சர்" என்றார். அடுத்த தடவை போனபோது ஒருவர் மட்டும் போட்டிருந்தார், மற்றவருக்கும் கட்டாயம் வேண்டும். கிரைண்டர் பிடிக்கும்போது வாவிப் பக்கம் மறைப்பு இல்லை, வெள்ளைத் தூசு காற்றோடு தண்ணீரில் விழுகிறது. ஒரு படங்கு கட்டினால் போதும். கோல் எடுத்தால் பத்துக்கு இரண்டு தடவைதான் பதில் வரும். பில் இல்லை, கொப்பித் தாளில் எழுதித் தந்தார்.

காசு: நான்கடி நீளத் தொட்டி ஒன்றுக்கு 14,500 ரூபாய், நான்குக்கும் 58,000. ஏற்றி இறக்கியது வேறு. 2022ல் நான் கொடுத்தது ஒன்றுக்கு 7,000. அன்று செத்த மீனில் பாதி சினை மீன். அந்தக் கணக்கையும் சேர்த்தால் எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை.

தொட்டி வீட்டுக்கு வந்த பிறகு செய்யவேண்டிய வேலையும் இருக்கிறது, அதைக் காக்காவே சொல்லித் தந்தார். தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வைத்து ஊற்றிவிட வேண்டும், பிறகும் அப்படி ஒரு தடவை. நான் அதோடு இரண்டு எயார் ஸ்டோனைப் பலமாக ஓட விட்டேன், மூடாமல். குமிழி மேலே போகும்போது கரைந்திருக்கிற ஆவியையும் கூட்டிக்கொண்டு போகும். ஒன்றை மறக்க வேண்டாம்: எயார் பம்ப் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் கேற்றுக்கு பெயின்ற் அடிக்கிற நாளில் அதே பம்ப் தின்னர் ஆவியைத் தண்ணீருக்குள் ஊதிவிடும். அப்படியான நாளில் நான் பம்பை வீட்டுக்குள் எடுத்து வைத்து நீளக் குழாய் போடுகிறேன்.

கடைசியாக ஒரு சோதனை, இது என் சொந்த யோசனை. கப்பிக் குஞ்சுக்குத் தீனியாக மொய்னா வளர்க்கிறேன். டஃப்னியாவின் இனம், மீனை விட முந்திச் சாகிற உயிர். இரண்டாம் தடவை ஊற வைத்த தண்ணீரை ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு லீற்றர்ப் போத்தலில் எடுத்து, விளிம்பு வரை நிரப்பி, 20 மொய்னாவை விட்டு இறுக மூடினேன். ஐந்தாவது போத்தலில் வெறும் கிணற்றுத் தண்ணீர். போத்தலில் காற்று இடம் விடக் கூடாது, விட்டால் ஸ்டைரீன் அங்கே ஏறிவிடும், தண்ணீர் நல்லது என்று பொய் சொல்லும். இத்தனை சின்ன உயிர் 20க்கு அந்தத் தண்ணீரில் உள்ள ஒட்சிசன் இரண்டு நாளுக்குப் போதும். 48 மணி நேரத்துக்குப் பிறகு மூன்று தொட்டியிலும் கிணற்றுத் தண்ணீரிலும் எல்லாம் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன. மூலை திரும்பப் பூசிய மூன்றாம் தொட்டியில் 13 செத்துவிட்டன.

போத்தலைக் கொண்டுபோய்க் காக்காவிடம் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஒரு சொல் வாதாடவில்லை. அன்றைக்கே லேண்ட்மாஸ்டர் அனுப்பித் தொட்டியை எடுத்து, இன்னும் ஒன்பது நாள் வெயிலில் கவிழ்த்து வைத்து, இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவித் திரும்பக் கொண்டுவந்து தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. திரும்பச் சோதித்ததில் 20ம் உயிரோடு இருந்தன. இப்போது அந்தத் தொட்டியில்தான் சிவப்பு வால் கப்பிகள் நிற்கின்றன, சித்திரையில் குஞ்சு போட்டன.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மாஸ்க்கும் படங்கும் வந்த பிறகு மற்றதையும் சேர்த்து எழுதுவேன்.

போன கிழமை காக்காவே கோல் எடுத்தார். வாகரையில் இறால் வளர்க்கிற ஒருவருக்குத் தொட்டி பூசுகிறாராம். "டீச்சர், அந்தச் சின்னப் பூச்சில கொஞ்சம் தருவீங்களா? குடுக்க முதல் நானும் ஒருக்காப் பாத்துக்கிறன்" என்று கேட்டார். இரண்டு போத்தல் எடுத்து நிழலில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.